தனி ஆளாக யாரும் ஸ்டேஷன் படி ஏற வேண்டாம்

 

‘காவலும் ஊரும்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் வழக்கமாக என்ன சொல்வார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அந்தக் காலத்தில் திண்ணை இருந்தது, கதவைத் திறந்துபோட்டுத் தூங்கினோம், இன்று பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியவில்லை என்பார்கள். நானும் அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் அந்தத் திண்ணையில் எல்லோரும் உட்கார முடிந்ததா? சேரியிலிருந்து வந்தவர் வாசலில் நின்றுதானே பேசினார்? ஊர்க் கட்டுப்பாடு என்ற பெயரில் எத்தனை பெண்களின் வாயை அடைத்தோம்? அந்த ஊர் எனக்குத் திரும்ப வேண்டாம். எனக்கு வேண்டியது வேறு ஓர் ஊர். அதை நாம் இனிமேல்தான் கட்ட வேண்டும்.

ஏன் கட்ட வேண்டும் என்பதற்கு, நம் பகுதியிலேயே நடந்த மூன்று சம்பவங்களைச் சொல்கிறேன்.

முதலாவது 2015. பள்ளிகொண்டா காவல் நிலையத்தில் ஒரு பெண்ணைக் காணவில்லை என்று புகார். அது தொடர்பாக ஆம்பூர் இளைஞர் ஒருவரை விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். ஜூன் 26-ஆம் தேதி அவர் சென்னை மருத்துவமனையில் இறந்துபோனார். போலீஸ் அடித்ததுதான் காரணம் என்று ஊர் கொதித்தது. மறுநாள் இரவு நம் ஆம்பூரில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நெடுஞ்சாலை மறிக்கப்பட்டது, வண்டிகள் எரிந்தன, பெண் காவலர்கள் உட்படப் பலர் காயப்பட்டார்கள். காணாமல்போன அந்தப் பெண்ணோ சில நாட்களில் சென்னையில் உயிரோடு கிடைத்தார். கலவர வழக்கு பத்து வருஷம் நடந்து, 2025 ஆகஸ்டில்தான் திருப்பத்தூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சிலருக்குத் தண்டனை, பெரும்பாலோருக்கு விடுதலை. விடுதலையானவர்கள் வாய்தா வாய்தாவாக அலைந்த பத்து வருஷத்தை யார் திருப்பிக் கொடுப்பது? அடிபட்ட காவலருக்குத்தான் யார் பதில் சொல்வது?

இரண்டாவது 2020 ஜூலை. கொரோனா ஊரடங்கு. ஆம்பூரில் இருசக்கர வாகனத்தைப் போலீஸ் பிடித்துவைத்துக்கொண்டது என்பதற்காக ஓர் இளைஞர் நடுரோட்டில் தீக்குளித்தார். பிழைக்கவில்லை. ஒரு வண்டிக்காகவா உயிரை விடுவான் என்று சிலர் கேட்டார்கள். வண்டி ஓடினால்தான் அடுப்பு எரியும் என்ற வீட்டைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

மூன்றாவது 2021 செப்டம்பர் 10, வெள்ளிக்கிழமை. வாணியம்பாடியில் தொழுகை முடித்து வந்த முன்னாள் கவுன்சிலர் ஒருவரை வெட்டிக் கொன்றார்கள். கஞ்சா விற்பனையைப் பற்றிப் போலீஸுக்குத் தகவல் கொடுத்ததுதான் காரணம் என்று அப்போது செய்திகள் வந்தன.

மூன்றும் வேறு வேறு கதைபோலத் தெரியும். முதலாவதில் போலீஸ் மேல் குற்றச்சாட்டு, இரண்டாவதில் மனம் உடைந்த ஓர் ஆள், மூன்றாவதில் போலீஸுக்கு உதவியவரே பலி. ஆனால் மூன்றிலும் ஒன்று பொது. சட்டத்துக்கு முன்னால் ஒரு மனிதர் தனியாக நின்றார். கலவரம் செய்யத் தெரு மொத்தமாக வந்தது. அதுவும் உயிர் போன பிறகு. உயிர் போகும் முன்பு, சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ‘அந்தப் பையனை எங்கே வைத்திருக்கிறீர்கள், வீட்டுக்குச் சொல்லியாயிற்றா’ என்று மரியாதையோடும் உரிமையோடும் ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்க நம்மிடம் யார் இருந்தார்கள்?

சட்டம் இதற்கு இடம் கொடுக்கவில்லையா என்றால், தாராளமாகக் கொடுத்திருக்கிறது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் டி.கே. பாசு வழக்கில் தீர்ப்பளித்தது. கைது செய்யும்போது குறிப்பாணை எழுத வேண்டும். அதில் குடும்பத்தார் ஒருவரோ அந்தப் பகுதியின் மதிப்புள்ள மனிதர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றது. அந்த அமர்வில் இருந்தவர்களில் ஒருவர் நீதிபதி குல்தீப் சிங். இந்தப் பெயர் நம் பகுதிக்குப் புதிதல்ல. அதே 1996-இல், ஆகஸ்டில், தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீரால் பாலாறு பாழாவதைத் தடுக்கக் கோரி வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்ன அமர்வுக்கும் அவர்தான் தலைவர். சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் ‘வேலூர் வழக்கு’ என்று படிக்கிறார்கள். கிணற்று நீர் உப்பாகிப் போனதென்று ஒன்றுசேர்ந்து டெல்லி வரை போனவர்கள் நம் மக்கள்தான். ஊர் உணர்வு செத்துவிட்டது என்று சொல்கிறவர்களுக்கு நான் அதைத்தான் ஞாபகப்படுத்துவேன். ஆற்றுக்காகச் சேரத் தெரிந்த நமக்கு ஆளுக்காகச் சேரத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஏன் தெரியவில்லை? ஊர் மாறிய வேகத்தில் நம் அமைப்புகள் மாறவில்லை. காலை இருட்டிலேயே ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறிப்போகும் பெண்களைப் பாருங்கள். மாதனூர்ப் பக்கம், பேர்ணாம்பட்டுப் பக்கம், குடியாத்தம் பக்கம் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் கம்பியில் தலைசாய்த்துப் பாதித் தூக்கத்தில் வருகிறார்கள். இருட்டிய பிறகு பஸ் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து வீட்டுக்கு விளக்கில்லாத பாதை. அந்தப் பாதையில் யார் நிற்கிறான், எவன் பின்னால் வருகிறான் என்பது பஸ் டிரைவருக்குத் தெரியும், முனையில் டீக்கடை வைத்திருப்பவருக்குத் தெரியும். ஸ்டேஷனுக்குத் தெரியாது. இரவு ரோந்து போகும் காவலர், தான் வந்துபோனதற்குப் பட்டா புத்தகத்தில் கையெழுத்துப் போடுவது நகைக்கடை வாசலில், பேங்க் வாசலில். சில ஊர்களில் இப்போது அதற்குப் பதில் க்யூஆர் கோடு. அந்தப் பெண்கள் இறங்கும் நிறுத்தத்தில் ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்று நாம் யாராவது கேட்டோமா?

இன்னொரு கூட்டமும் இங்கே வாழ்கிறது. பீகார், வங்காளம், ஒடிசாவிலிருந்து வந்து நம் டேனரிகளில் ஈரத்தோலைச் சுமப்பவர்கள். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து பத்துப் பேர் இறந்தார்களே, பெரும்பாலோர் மேற்கு வங்கத்துக்காரர்கள். தூக்கத்திலேயே போனார்கள். நம் பகுதிக்காக உழைத்தவர்களை நம் பகுதிக்குத் தெரியாது. ஒரு திருட்டு நடந்தால் மட்டும் ‘வடநாட்டுக்காரன்’ என்று முதலில் அவர்களைத்தான் கை காட்டுகிறோம்.

சரி, இதற்கெல்லாம் ஊரும் காவலும் சேர்ந்து ஒரு குழு அமைத்தால் மட்டும் ஆகிவிடுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தமிழ்நாட்டிலேயே ஒரு முயற்சி நடந்தது. 1993-இல் ராமநாதபுரத்தில் பிரதீப் பிலிப் என்ற காவல் கண்காணிப்பாளர் ‘ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ அமைப்பைத் தொடங்கினார். நல்ல நோக்கம், மாநிலம் முழுக்கப் பரவியது. 2020-இல் சாத்தான்குளத்தில் கடையை நேரத்துக்கு மூடவில்லை என்று போலீஸ் பிடித்துப்போன தந்தையும் மகனும் இறந்த பிறகு, அந்த அமைப்பின் மேலும் புகார் எழுந்து, அரசே தடை விதித்தது. எனக்குப் புரிந்த பாடம் இது: அந்த அமைப்புக்கு ஆட்களை ஸ்டேஷன் பொறுக்கியது. ஸ்டேஷன் பொறுக்கிய ஆள் ஸ்டேஷனுக்குத்தான் பதில் சொல்வான். அதே சாத்தான்குளத்தில், அந்த இரவு ஸ்டேஷனில் நடந்ததைப் பயத்தையும் மீறி மாஜிஸ்திரேட்டிடம் சொன்னவர் அங்கே பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் என்பதையும் நான் மறக்காமல் சொல்ல வேண்டும். காக்கிக்குள்ளேயும் தனியாக நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். வார விடுமுறை என்ற ஒன்றே 2021-இல்தான் நம் காவலர்களுக்கு அறிவிக்கப்பட்டது. தூக்கமில்லாத மனிதனிடம் பொறுமையை எதிர்பார்க்கும் நாமும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சரியாக நடந்த ஓர் ஊரையும் சொல்கிறேன். மகாராஷ்டிரத்தில் பிவண்டி. நமக்குத் தோல்போல அவர்களுக்கு விசைத்தறி. இந்துவும் முஸ்லிமும் ஒரே தறிக்கூடத்தில் உழைக்கும் ஊர், வெளியூர்த் தொழிலாளர் நிறைந்த ஊர். 1970-இலும் 1984-இலும் பெருங்கலவரம் கண்டது. 1988 வாக்கில் அங்கே காவல் துணை ஆணையராக வந்த சுரேஷ் கோபடே மொஹல்லா மொஹல்லாவாக, அதாவது பேட்டை பேட்டையாக, குழு அமைத்தார். இரு மதத்தாரும், சாதாரணத் தொழிலாளரும், அந்தப் பகுதிக் காவலரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். கலவரம் வரும்போது அல்ல, தண்ணீர்க் குழாய்ச் சண்டைக்கும் குடும்பத் தகராறுக்கும் உட்கார்ந்தார்கள். 1992 டிசம்பரில் பாபர் மசூதி இடிக்கப்பட்டபின் பக்கத்திலிருக்கும் மும்பை பற்றி எரிந்தது. பிவண்டி எரியவில்லை.

நம்மூரிலும் அமைதிக் குழு இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. விநாயகர் சதுர்த்திக்கு முன்னால் கூடும், டீ பிஸ்கட் சாப்பிடும், போட்டோ எடுக்கும், கலையும். அதில் இருப்பவர்கள் ஜமாத் தலைவர், கோயில் தர்மகர்த்தா, கட்சிப் பிரமுகர், கம்பெனி முதலாளி. ஷூ தைக்கும் பெண் எங்கே? வாடகை ரூமில் இருக்கும் பீகார்ப் பையன் எங்கே? இருசக்கர வாகனம் பிடிபட்டவனுக்கு அந்தக் குழுவில் யாரைத் தெரியும்?

ஆகவே என் கோரிக்கை எளிமையானது. ஒவ்வொரு தெருவும் இரண்டு பேரைத் தானே தேர்ந்தெடுக்கட்டும். அதில் ஒருவர் பெண். வெளிமாநிலத் தொழிலாளர் குடியிருக்கும் தெருவில் அவர்களில் ஒருவரும். பொறுப்பு ஒரு வருஷம்தான், பிறகு மாற வேண்டும். இல்லாவிட்டால் அவரே புதிய கட்டப் பஞ்சாயத்துக்காரர் ஆகிவிடுவார். நிலத்தகராறும் கடன் வசூலும் அந்தக் குழுவின் வேலை இல்லை, அதற்குக் கோர்ட் இருக்கிறது. சாதி மாறிக் காதலித்த பிள்ளைகளைப் பிரிப்பதும் அதன் வேலை இல்லை. மாதம் ஒருநாள், பள்ளிக்கூடத்தில், ஸ்டேஷனுக்கு வெளியே, இன்ஸ்பெக்டரும் பீட் காவலரும் வந்து உட்காரட்டும். கேட்க வேண்டியது நாலே விஷயம். இந்த மாதம் எங்கள் தெருவிலிருந்து யாரை விசாரணைக்கு அழைத்தீர்கள்? வீட்டுக்குச் சொன்னீர்களா? கொடுத்த புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தீர்களா? எந்த இடத்தில் ரோந்து வேண்டும்?

காவல்துறைக்கும் இதில் லாபம் உண்டு, நான் ஒருபக்கம் பேசவில்லை. வாணியம்பாடியை நினைத்துப் பாருங்கள். கஞ்சா விற்கிறான் என்று ஒருவர் சொன்னால் அவர் துப்புக் கொடுத்தவர் ஆகிறார், கத்தி அவரைத் தேடி வருகிறது. அதையே நாற்பது பேர் கூட்டத்தில் எழுந்து சொன்னால், கத்தி யாரைத் தேடும்? சாட்சி சொல்ல ஆள் வருவதில்லை என்று அதிகாரிகள் குறைப்படுகிறார்கள். தெருவாகச் சேர்ந்து வந்தால் வருவார்கள்.

கேரளத்தில் 2008 முதல் ஜனமைத்ரி என்ற திட்டத்தில் பீட் அலுவலர் வீடு வீடாகப் போய்ப் பழகுகிறார். அதற்கு அரசு உத்தரவு தேவைப்பட்டது. நமக்கு உத்தரவு வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கூடுவதற்கு யாரும் தடை போடவில்லை. இந்தக் கூட்டம் முடிந்ததும் வீட்டுக்குப் போகும் வழியில் உங்கள் தெருவின் அந்த இரண்டு பேர் யார் என்று பேசிக்கொண்டே போங்கள். பெயர்கள் முடிவானதும் எழுதி ஸ்டேஷனில் கொடுங்கள். அதற்கும் மறக்காமல் ஒரு ரசீது கேளுங்கள்.