பெட்டிக்குள் நிற்கும் வீரன்



தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் நம் பிள்ளைகளின் கால்கள் எங்கே போய் நிற்கும் என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. சாமி கும்பிட்டாயிற்று, திருநீறு பூசியாயிற்று. அடுத்தது பொம்மைக் கடைதான். அங்கே வெள்ளியும் சிவப்புமாக, நெஞ்சில் ஒரு விளக்கோடு அல்ட்ராமேன் வரிசையாக நிற்பார். "அப்பா, இது வேணும்" என்று பிள்ளை கையைப் பிடித்து இழுக்கும். தகப்பனார் சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பார்.

வாங்குவதா, வேண்டாமா? வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்குவது? இன்று இதைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறேன். பொம்மைதானே, இதில் படிப்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். நானும் அப்படி நினைத்து ஒரு தவறு செய்தவன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தோட்டப் பள்ளியில் நான்காம் ஆண்டில் ஒரு மாணவன். தகப்பனார் பால்மரம் வெட்டுபவர். ஒருநாள் அந்தப் பையன் ஓர் அல்ட்ராமேன் பொம்மையைப் பெட்டியோடு பள்ளிக்குக் கொண்டுவந்தான். மற்றப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு, "திறடா, திறடா" என்றார்கள். அவன் திறக்கவில்லை. "திறந்தால் விலை போகாது, அப்பா சொல்லியிருக்கிறார்" என்றான். பெட்டியின் முன்பக்கம் தெரிந்த கண்ணாடித் தாள் வழியாக அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

நான் பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். எழுத்துகள் மங்கியிருந்தன. உண்டாக்கிய நிறுவனத்தின் பெயரைக் காணோம். பொம்மையின் நெஞ்சு விளக்கில் பூசிய நீலம் வெளியே வழிந்திருந்தது. அது போலி என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். சொல்ல மனம் வரவில்லை. பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்துத் தகப்பனார் பள்ளிக்கு வந்தார். கையில் இரண்டாவது பெட்டி. "சார், பட்டணத்து இரவுச் சந்தையில வாங்குனேன். ஒண்ணு எண்பது வெள்ளி. பத்து வருசம் பெட்டியைத் திறக்காம வெச்சிருந்தா ஆயிரக்கணக்குல போகும்னு விக்கிறவன் சொன்னான். இவன் மேல்படிப்புக்கு ஆகுமேன்னு இன்னொண்ணும் வாங்கிட்டேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போய்ச் சேர்த்த பணம் அது.

முதல் நாளே நான் வாய் திறந்திருந்தால் இரண்டாவது எண்பது வெள்ளி போயிருக்காது. அதனால்தான் இன்று உங்களிடம் பேசுகிறேன்.

நேயர்களே, இந்தப் பொம்மைகளின் கதையைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம்.

1964-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹாஸ்புரோ என்ற நிறுவனம் ஜி.ஐ. ஜோ என்னும் படைவீரர் பொம்மையை வெளியிட்டது. ஏறக்குறைய ஓர் அடி உயரம். கை, கால், இடுப்பு எல்லாம் மடங்கும். பொம்மை என்று சொன்னால் ஆண் பிள்ளைகள் தொடமாட்டார்கள் என்று நினைத்தார்கள் போலும். ஆகவே அதற்கு ஆக்சன் ஃபிகர் என்று பெயர் வைத்தார்கள். இயங்கும் உருவம் என்று நாம் சொல்லலாம். பெயர் மாறியது, பிள்ளைகள் வாங்கினார்கள்.

அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, 1966 ஜூலையில், ஜப்பானியத் தொலைக்காட்சியில் அல்ட்ராமேன் தோன்றினார். இவரைப் படைத்தது சுபுராயா நிறுவனம். அதை நிறுவிய எய்ஜி சுபுராயா, 1954-இல் வந்த காட்சில்லா திரைப்படத்துக்குத் தந்திரக் காட்சிகள் அமைத்தவர். அல்ட்ராமேனின் உயரம் 40 மீட்டர். பூமியில் அவரால் மூன்று நிமிடமே போரிட முடியும். சக்தி குறையும்போது நெஞ்சிலுள்ள நீல விளக்கு சிவப்பாக மாறித் துடிக்கும். பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பதற்கு இது போதாதா? பின்னர் நம் நாட்டு உப்பின் இப்பின் தொடரிலும் அல்ட்ராமேன் வந்தார். ரிபுட் என்ற மலாய்ப் பெயர் தாங்கிய அல்ட்ராமேனும் உண்டு. ரிபுட் என்றால் புயல் என்பது உங்களுக்குத் தெரியும்.

இந்த அல்ட்ராமேன் பொம்மையை எப்படிச் செய்கிறார்கள்? ரப்பர்ப் பால் தெரிந்த நமக்கு இது எளிதில் விளங்கும். கையுறைத் தொழிற்சாலையில் கை வடிவ அச்சை ரப்பர்ப் பாலில் முக்கி எடுப்பார்கள். அச்சின் வெளிப்புறத்தில் கையுறை படியும். இங்கே அதற்கு நேர்மாறு. உள்ளே குழிந்த உலோக அச்சில் வினைல் குழம்பை ஊற்றிச் சூடாக்குவார்கள். சுவரை ஒட்டிய பகுதி தடித்துப் படியும். நடுவிலுள்ள குழம்பைக் கொட்டிவிடுவார்கள். பிறகு சூடு ஆறுவதற்குள் உருவத்தை அச்சிலிருந்து இழுத்து எடுப்பார்கள். அதனால்தான் இந்தப் பொம்மை உள்ளே வெற்றிடமாக, மென்மையாக இருக்கிறது. கீழே போட்டாலும் எளிதில் உடையாது.

அமெரிக்காவில் 1977 மே மாதம் ஸ்டார் வார்ஸ் திரைப்படம் வந்தது. அதன் பொம்மைகளைச் செய்யும் உரிமை கென்னர் என்ற நிறுவனத்துக்குக் கிடைத்தது. படம் ஓடிய ஓட்டத்தைக் கண்டு எல்லோரும் பொம்மை கேட்டார்கள். கிறிஸ்துமசுக்குள் செய்து முடிக்க முடியவில்லை. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பொம்மை இல்லாத ஓர் உறையை விற்றார்கள். உள்ளே ஒரு சீட்டு. அதை அஞ்சலில் அனுப்பினால், 1978-இல் நான்கு பொம்மைகள் வீடு வந்து சேரும். வெறும் சீட்டையும் மக்கள் வாங்கினார்கள். ஆசை என்பது எவ்வளவு வலிமையானது பாருங்கள்!

அந்தப் பொம்மைகள் மூன்றே முக்கால் அங்குல உயரம்தான். கழுத்து, இரண்டு தோள், இரண்டு தொடை என ஐந்தே இடங்களில் அசையும். உருவம் சிறியதாக இருந்ததால் அவை ஏறிச் செல்லும் விண்கலங்களையும் அதே அளவுக்குச் செய்து விற்க முடிந்தது. ஒரு பொம்மை வாங்கியவர் அடுத்ததை வாங்க வேண்டியதாயிற்று. 1982-இல் வந்த ஹீமேன் பொம்மைக்கோ கடையில்தான் முதல் பிறப்பு. தொலைக்காட்சித் தொடர் மறு ஆண்டுதான் வந்தது. ஆகவே பெற்றோர்களே, பிள்ளை பார்க்கும் தொடர் சில வேளைகளில் அரை மணி நேர விளம்பரம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சரி, பொம்மையைக் கையில் எடுத்தால் எதைப் பார்ப்பது? ஐந்து சோதனைகளைச் சொல்கிறேன். பென்சில் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, ஒற்றுமை. திரையில் பார்த்த முகம்தானா? கண்களின் வடிவமும் உடம்பிலுள்ள கோடுகளும் சரியாக இருக்கின்றனவா? இதைப் பிள்ளையிடமே கேளுங்கள். நம்மைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டாவது, வண்ணம். சிவப்பு வெள்ளிக்குள் வழிந்திருக்கக் கூடாது. விரலால் தேய்த்தால் கையில் ஒட்டக் கூடாது.

மூன்றாவது, மூட்டு. கை கால்களை மெதுவாக அசைத்துப் பாருங்கள். வைத்த இடத்தில் நிற்க வேண்டும். தொங்கினாலும் குறை, இறுகிப்போய் அசையாவிட்டாலும் குறை.

நான்காவது, நிற்கும் திறன். மேசையில் நிறுத்துங்கள். சாய்ந்தால் பாதத்தைப் பாருங்கள். மென் வினைல் பொம்மையின் கால் வளைந்திருந்தால் பயப்பட வேண்டாம். பெரியவர் ஒருவர் அதைக் கொதிக்காத சுடுநீரில் சிறிது நேரம் வைத்து, நிமிர்த்திப் பிடித்து, பச்சைத் தண்ணீரில் ஆற்றினால் நேராகிவிடும்.

ஐந்தாவது, பாதுகாப்பு. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். மூக்கைத் துளைக்கும் இரசாயன வாடை அடித்தால் வாங்காதீர்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால், மூன்று சென்டிமீட்டர் அகலக் குழாய்க்குள் முழுதாக விழக்கூடிய எந்தத் துண்டும் அதன் கைக்கு எட்டக் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். 1979-இல் கென்னர் நிறுவனம் முதுகிலிருந்து ஏவுகணை பாயும் போபா ஃபெட் என்ற பொம்மையை வெளியிட ஆயத்தம் செய்தது. அந்தக் காலத்திலேயே வேறொரு நிறுவனத்தின் விண்கலப் பொம்மையிலிருந்த ஏவுகணை தொண்டையில் சிக்கி ஒரு சிறுவன் இறந்துபோனான். கென்னர் தன் ஏவுகணையைப் பாயாதபடி ஒட்டியே விற்றது.

மலேசியாவிலும் விளையாட்டுப் பொருட்களுக்கான பாதுகாப்பு விதிமுறைகள் 2009-இல் வகுக்கப்பட்டன. பெட்டியில் எம்சி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வயது வரம்பையும் படியுங்கள். 2008-இல் தொடங்கிய ஃபிகார்ட்ஸ் வரிசையைப் போல, பல மூட்டுகள் கொண்ட விலையுயர்ந்த உருவங்கள் 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்றே விற்கப்படுகின்றன. அவற்றை ஏழு வயதுப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, உடைத்துவிட்டான் என்று அடிப்பது நியாயமா?

போலியை அறிவது எப்படி? உண்மையான பொம்மையில் உண்டாக்கிய நிறுவனத்தின் பெயரும், கதாபாத்திரத்துக்கு உரிமையுள்ளவரின் பெயரும் பாதத்திலோ முதுகிலோ பெட்டியிலோ தெளிவாக இருக்கும். போலியில் எழுத்து மங்கியிருக்கும், அல்லது பிழையாக இருக்கும். சீனாவில் செய்தது என்பதற்காக மட்டும் போலி என்று முடிவு கட்டாதீர்கள். பெரிய நிறுவனங்களும் அங்கே செய்விக்கின்றன.

இனி, பத்து ஆண்டில் ஆயிரக்கணக்கில் போகும் என்ற பேச்சுக்கு வருவோம். அதில் ஒரு துளி உண்மை உண்டு. ஏவுகணை பாயும் அந்தப் போபா ஃபெட் மாதிரி உருவம் ஒன்று 2024-இல் அமெரிக்க ஏலத்தில் ஐந்து லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. ஏன்? அது கடைக்கே வராதது. மாதிரிக்குச் செய்தவற்றில் எஞ்சியவை மிகச் சில. அந்தக் காலத்து மற்றப் பொம்மைகளும் பெட்டி திறக்காமல் கிடைத்தால் நல்ல விலை போகின்றன. காரணம், அன்று எல்லாப் பிள்ளைகளும் பெட்டியைத் திறந்து விளையாடிவிட்டார்கள். திறக்காதது அரிதாகிவிட்டது.

1995-இல் அதே கென்னர் பெயரில் ஸ்டார் வார்ஸ் பொம்மைகள் மீண்டும் வந்தன. இம்முறை பழைய விலையைக் கேள்விப்பட்டிருந்த பெரியவர்கள் பெட்டி பெட்டியாக வாங்கி, திறக்காமல் அடுக்கினார்கள். விளைவு என்ன? எல்லோரிடமும் திறக்காத பெட்டி இருந்ததால் பெரும்பாலானவற்றுக்கு விலை ஏறவே இல்லை. எல்லோரும் சேர்த்து வைக்கும் பொருள் அரிய பொருள் ஆகாது. இது பொம்மைக்கு மட்டுமா பொருந்தும்?

தவிர, நம் தகரக் கூரையின் வெக்கையில் மூடிய பெட்டிக்குள் பல ஆண்டு கிடந்தால், வினைலை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் மெல்ல வெளியே கசியும். பொம்மை பிசுபிசுக்கும். மென்மையான சவர்க்கார நீரால் துடைத்தால் சிறிது சரியாகும், மீண்டும் வரும். பிள்ளையின் மேல்படிப்புக்குச் சேர்க்க விரும்பினால் சேமிப்புப் புத்தகத்தில் போடுங்கள், அங்கே பிசுபிசுக்காது.

இவற்றையெல்லாம் அன்று அந்தத் தகப்பனாரிடம் சொன்னேன். முதல் நாளே சொல்லாததற்கு மன்னிப்பும் கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப இதுக்கு மதிப்பே இல்லையா சார்?" என்றார். "விற்பதற்கு இல்லை. விளையாடுவதற்கு இருக்கலாம். வாடையும் இல்லை, வண்ணமும் கையில் ஒட்டவில்லை. பையனிடம் கொடுத்துப் பாருங்கள்" என்றேன்.

அன்று மாலையே இரண்டு பெட்டிகளையும் திறந்துவிட்டார்கள். ஒன்றைத் தம்பிக்குக் கொடுத்தான் பையன். ஒரு வாரத்தில் ஒரு கை கழன்றது. தகப்பனார் சுடுநீரில் நனைத்து மீண்டும் மாட்டிக் கொடுத்தார். நான் வகுப்பில் அந்த ஐந்து சோதனைகளையும் கரும்பலகையில் எழுதி, அவரவர் பொம்மைக்கு மதிப்பெண் போடச் சொன்னேன். அவன் தன் பொம்மைக்கு ஒற்றுமைக்கு மூன்று, வண்ணத்துக்கு ஒன்று, மூட்டுக்கு இரண்டு என்று ஒளிக்காமல் போட்டான். கடைசி வரியில் இப்படி எழுதியிருந்தான்: "விலை 80 வெள்ளி. அவ்வளவு பெறாது. ஆனால் நன்றாக நிற்கிறது."

அந்தத் தாளைத் தகப்பனாரிடம் காட்டினேன். வாசித்துவிட்டுச் சிரித்தார். "அடுத்த திருவிழாவுக்கு இவனையே பாத்து வாங்கச் சொல்றேன் சார்" என்றார்.

பெற்றோர்களே, பிள்ளைக்குப் பொம்மை வாங்கித் தருவது வீண் செலவு அல்ல. ஏமாந்து வாங்குவதுதான் வீண். வாங்கும் முன் பிள்ளையையும் கூட வைத்துக்கொண்டு பாருங்கள். பெட்டியில் உள்ளதை அவனையே வாசிக்கச் சொல்லுங்கள். வாங்கிய பின் பெட்டியைத் திறந்து கொடுங்கள். பத்து ஆண்டு கழித்து அந்தப் பொம்மை இருக்கும். ஆனால் அதை வைத்து விளையாடும் வயது அவனுக்கு இருக்காது.