சின்னமும் சொப்பும்



அண்மையில் மாதுங்காவில் ஒரு நண்பரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அவருடைய பேத்திக்கு நான்கு வயது. எழுத்து இன்னும் வசப்படவில்லை. ஆயினும், மாலையில் கடைத்தெருவில் ஒரு சிவப்புச் சதுரத்தைக் கண்டவுடன், "லெகோ!" என்று கூவினாள். பேத்தி படித்துவிட்டாள் என்று தாத்தாவுக்குப் பெருமை. எனக்கோ அந்தச் சதுரத்தின் சாமர்த்தியத்தில் வியப்பு.

அச்சின்னத்தைச் சற்று உற்று நோக்குங்கள். செக்கச் சிவந்த சதுரம். அதனுள் திரண்டு உருண்ட நான்கு வெள்ளை எழுத்துக்கள். எழுத்தைச் சுற்றிக் கறுப்புக் கரை. அதற்கும் வெளியே மஞ்சள் கரை. வெள்ளையும் மஞ்சளும் ஒட்டி நின்றால் இரண்டும் மங்கிப் போகும். இடையே கறுப்பு நின்று இரண்டையும் எடுத்துக் காட்டுகிறது. மாக்கோலத்திற்கு நம் பெண்டிர் காவிக் கரை தீட்டுவதும் இதே உத்திதான். 1973-ஆம் ஆண்டில் இதுவே உலகெங்கும் பொதுச் சின்னமாயிற்று. 1998-இல் சிறிது செப்பனிட்டார்கள்.

இந்நிறுவனத்தின் தொடக்கம் ஒரு தச்சுப் பட்டறை. டென்மார்க்கில் பில்லுண்ட் என்னும் சிற்றூரில், ஓலே கிர்க் கிறிஸ்தியான்சன் என்ற தச்சர் 1932-இல் மரப்பொம்மைகள் செய்யத் தொடங்கினார். 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரு டேனிஷ் சொற்களைச் சுருக்கி 1934-இல் பெயர் வைத்தார். பிளாஸ்டிக் கட்டைகள் பின்னர் வந்தவை. 1960-இல் மரப்பொம்மைப் பகுதி தீக்கிரையானதும், மரவேலையை அடியோடு விட்டுவிட்டார்கள்.

தச்சர், மரம், சிவப்பு, மஞ்சள் என்றவுடனே, தாராவியில் வாழும் திருநெல்வேலி அன்பர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வந்திருக்குமே! ஆம், அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்தான். கடைசல் பட்டறையில் சுழலும் மரத்தின்மீது வண்ண அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் ஏறிக்கொள்ளும். தூரிகைக்கு அங்கே வேலையில்லை. சுழலும் மரத்தில் வட்டமே எளிதில் பிறக்கும். ஆகவே சாமான்கள் உருண்டை, நிறங்கள் வளையம் வளையமாகச் சிவப்பு, மஞ்சள், பச்சை.

அந்தப் பனையோலைப் பெட்டியில் சின்னமும் இராது, செய்தவர் பெயரும் இராது. நிறமும் உருண்டையுமே அதன் முத்திரை. அதைத் திறக்கும் குழந்தை நிறுவனத்தின் பெயரைச் சொல்வதில்லை. ஆட்டுக்கல், உரல், உலக்கை, திருகை, குடம் என்று பொருள்களின் பெயரைச் சொல்கிறது. மும்பையில் பிறந்த நம் குழந்தைகள் இச்சொற்களை வேறெங்கே கற்பார்கள்? அடுக்களையில் மிக்ஸி இரைகிறது. பள்ளியில் மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும். உரலையே காணாத குழந்தையிடம் உரல் என்ற சொல்லை மட்டும் கொடுத்தால், அது எதைப் பற்றிக்கொண்டு நிற்கும்?

லெகோவை நான் குறை கூறவில்லை. அக்கட்டைகளைக் கொண்டு நானே ஒரு கோபுரம் எழுப்பிச் சரியவிட்டிருக்கிறேன்!

ஓர் எச்சரிக்கையும் உண்டு. குழந்தையின் கையிலுள்ள பொருள் அடுத்த கணம் வாயில் இருக்கும். மலிவான பெயிண்டில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அது மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. 2021 ஜனவரி 1 முதல் விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. குறி கட்டாயமாயிற்று. பதிவு பெற்ற கைவினைஞர்கள் தாமே செய்து விற்பவற்றுக்கு விலக்கு உண்டு. ஆகவே சொப்பில் அக்குறி இல்லாதிருக்கலாம். பூசியிருப்பது அரக்கா பெயிண்டா, சாயம் எத்தகையது என்று விற்பவரிடம் தயங்காமல் கேளுங்கள். மற்றப் பொம்மைகளில் குறியைத் தேடிப் பாருங்கள். அதற்கு லெகோச் சதுரத்தின் கவர்ச்சி கிடையாது. குழந்தையின் கண் அதில் நில்லாது.

விடுமுறைக்கு நாகர்கோவில் ரயிலில் செல்வோர் திருநெல்வேலியில் இறங்கி மேற்கே சென்றால் அம்பாசமுத்திரம். நண்பரின் பேத்திக்காக ஒரு பெட்டி வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன். லெகோக் கட்டைகளால் அவள் ஓர் அடுக்களை கட்டட்டும்; அதில் உரலை எந்த மூலையில் வைப்பது என்பதை அவளே தீர்மானிக்கட்டும்.