கழித் தூண்டிற் போட்டி

தூண்டில் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றும் காட்சி ஒன்று உண்டு. குளக்கரையில் ஒரு மரநிழல். கையில் மூங்கிற் கழி. பாதி உறக்கமும் பாதி விழிப்புமாக அமர்ந்திருக்கும் ஒரு மனிதர். இது சோம்பேறிகளின் பொழுதுபோக்கு என்று ஏளனம் செய்வாரும் உளர். அவர்களை இங்கிலாந்து நாட்டு ஏரி ஒன்றின் கரையில், பிப்ரவரி மாதக் குளிரில், ஐந்து மணி நேரம் கழியேந்தி உட்காரவைத்துப் பார்க்கவேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை.

அந்நாட்டில் தூண்டிற்கலைக்கு நீண்ட வரலாறு உண்டு. ஐசக் வால்ட்டன் என்பார் 1653-ஆம் ஆண்டிலேயே அதனைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஆனால் அதனைப் பெரும் போட்டியாக வளர்த்தவர்களில் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்த மக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. மீன்கள் முட்டையிடும் பருவத்தில் அவற்றைப் பிடிக்கலாகாது என்னும் சட்டம் 1878-இல் நிறைவேறியது. அதனைப் பாராளுமன்றத்தில் முன்னின்று கொண்டுவந்த முண்டெல்லா, எஃகுத் தொழிலுக்குப் பேர்போன ஷெபீல்டு நகரத்தின் உறுப்பினர். அந்நகரத் தொழிலாளரிடையே தூண்டில் அத்துணைச் செல்வாக்குப் பெற்றிருந்தது! பிற்காலத்தில் உலகப் போட்டிகளிலும் ஆங்கிலேயர் புகழ் நாட்டினர். பாப் நட் என்பவர் நான்கு முறையும், ஆலன் ஸ்காட்தார்ன் என்பவர் ஐந்து முறையும் தனிநபர் பட்டத்தை வென்றிருக்கின்றனர்.

இனிக் கழியைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். முற்காலத்து இலண்டன் நகரத்தார் தேம்ஸ் ஆற்றில் மூங்கிற் கழிகளைக் கொண்டு மீன் பிடித்தனர். இன்றைய கழியோ கார்பன் இழையால் ஆனது. ஒன்றனுள் ஒன்று செருகப்படும் பல துண்டுகளாக வரும். பதின்மூன்று மீட்டர் நீளத்திற்கு நீட்டினாலும் அதன் எடை ஒரு கிலோவை எட்டாது. இராட்டினம் கிடையாது, நூல் கழியின் நுனியிலேயே முடிகிறது. மீன் இழுத்து ஓடினால் நூல் அறுந்துவிடாதோ என்று நீங்கள் கேட்கலாம். நுனித்துண்டுகளின் உட்குழலில் ஓர் இரப்பர் இழை ஓடுகிறது. மீன் இழுக்க இழுக்க அது நீளும். மீன் களைக்கக் களைக்கச் சுருங்கும். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் பொருளாதலால், மின்கம்பிகளுக்கு அருகில் இக்கழியை உயர்த்துவது உயிருக்கே ஆபத்து. முப்பது மீட்டருக்குள் அணுகலாகாது என்று அங்கே எச்சரிக்கிறார்கள்.

இத்தனை நீளக் கழி எதற்கு? கழியின் நுனி தக்கைக்கு நேர் மேலே நிற்கிறது. இடையே உள்ள நூல் மிகக் குறுகியது. ஆகவே காற்று அதனைப் பிடித்துத் தக்கையை இழுத்துச் செல்ல வழியில்லை. நுனியில் ஒரு சிறு கிண்ணத்தை மாட்டி, எந்த இடத்தில் முள் இறங்குகிறதோ அதே இடத்தில் பத்துப் புழுக்களைக் கவிழ்த்துவிடலாம். எறிந்து போடும் தூண்டிலில் இந்த நுட்பம் எளிதன்று.

2012-ஆம் ஆண்டு பிப்ரவரியில், நான் அந்நாட்டில் பணியிலிருந்த காலத்தில், ஒரு குழுப்போட்டியில் கலந்துகொண்டேன். கரையைப் பல பிரிவுகளாகப் பகுத்திருந்தனர். ஒவ்வொரு பிரிவிலும் குழுவுக்கு ஒருவராகப் பத்துப் பேர். முதலாவதாக வருபவருக்கு ஒரு புள்ளி, பத்தாமவருக்குப் பத்துப் புள்ளி. எந்தக் குழுவின் கூட்டுத்தொகை குறைவோ அதற்கே வெற்றி. எங்கள் தலைவர் ஓய்வுபெற்ற நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. “வெறுங்கையோடு மட்டும் வராதீர்” என்பதே அன்று காலை அவர் எனக்குச் சொன்ன அறிவுரை.

சீட்டு எடுத்து இடம் பெற்றேன். இரவு பெய்த உறைபனியால் கரையோரம் மெல்லிய பனித்தகடு படர்ந்திருந்தது. நீர் கண்ணாடிபோல் தெளிந்திருந்தது. மீன் பிடிப்பவனுக்கு இதைவிடக் கெட்ட செய்தி இல்லை. நூலில் ஈயக்குண்டைக் கட்டி ஆழம் பார்த்தேன். ஐந்து மீட்டர் தொலைவில் நான்கடி. பதினோரு மீட்டரில் ஏழடி. ஆழத்தையே தேர்ந்தேன். நீர் நான்கு பாகை சென்டிகிரேடில்தான் மிகுந்த அடர்த்தி அடைகிறது என்று பௌதிக வகுப்பில் படித்திருப்பீர்கள். ஆகவே கடுங்குளிரில் மேற்பரப்பு உறைந்தாலும், அடியில் அதைவிடச் சற்று வெதுவெதுப்பான நீர் தங்கியிருக்கும். மீன்களுக்கு இது பாடமின்றியே தெரியும். குளிரில் அவற்றின் உடலியக்கம் தளர்ந்து, பசியும் மங்கிவிடும். அவ்வேளையில் இரையை அள்ளி வீசுபவன் அவற்றின் வயிற்றை நிரப்பி வழியனுப்புகிறான்.

பத்து மணிக்குப் போட்டி தொடங்கிற்று. முதல் ஒரு மணி நேரம் தக்கை அசையவில்லை. கீழைக்காற்று எழுந்தது. பதின்மூன்று மீட்டர்க் கழியைக் காற்றில் அசையாமல் பிடிப்பது என்பது முதுகும் தோளும் அறிந்த துன்பம். எனக்கு இடப்புறம் இருந்தவர் தடித்த இரப்பரும் பெரிய முள்ளும் பூட்டி, கார்ப் என்னும் பெருங்கெண்டைக்காகத் தவம் கிடந்தார். அது ஒன்று கிடைத்தால் ஐம்பது சிறு மீனுக்கு ஈடு, கிடைக்காவிட்டால் ஒன்றுமில்லை. தனிமனிதனாக வந்திருந்தால் நானும் அப்படியே செய்திருப்பேன். குழுவுக்காக வந்தவனுக்கு அந்தச் சூதாட்டம் தகாது. ஆதலால் மிகச்சிறு முள்ளும், தலைமயிர் போன்ற நூலும், மெல்லிய இரப்பரும் பூட்டி, ரோச் என்னும் சிறு மீன்களை நாடினேன்.

பதினொன்றேகாலுக்கு முதல் மீன் வந்தது. எடை ஓர் அவுன்சு இருக்கலாம். பிறகு எட்டு நிமிடத்துக்கு ஒன்று, பத்து நிமிடத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் கழியைப் பின்னுக்கு உருட்டி, துண்டைக் கழற்றி, மீனை எடுத்து, வலைப்பையில் இட்டு, விரைத்த விரலால் புழுவைக் கோத்து, மீண்டும் நீட்டவேண்டும். இரண்டரை மணிக்கு என் பையில் இருபத்திரண்டு மீன்கள் இருந்தன. இடப்புறத்து நண்பரின் பை அப்போதும் வெறுமையாகவே கிடந்தது.

அடுத்த முறை தக்கை ஆழ்ந்ததும் கழியை உயர்த்தினேன். இரப்பர் நீண்டது, நீண்டுகொண்டே போயிற்று. அவர் காத்திருந்த கெண்டை என் மெல்லிய நூலில் வந்து மாட்டிக்கொண்டது! அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை.

இருபத்தைந்து நிமிடங்களே எஞ்சியிருந்தன. வலிந்து இழுத்து நூலை அறுத்துவிட்டு, மேலும் மூன்று சிறு மீன்களைப் பிடிக்கலாம். ஆனால் அறுந்த நூலோடும் முள்ளோடும் அந்த உயிர் ஏரியில் திரியவேண்டும். அதற்கு மனம் ஒப்பவில்லை. பொறுமையாக அதன் பின்னே கழியைச் செலுத்தினேன். இருமுறை கரைக்கு அருகே வந்தது. இருமுறையும் திரும்பி ஓடிற்று. மூன்றாம் முறை அது மேலே புரண்டபோது, போட்டி முடிந்ததற்கான ஊதல் ஒலித்தது. ஊதலுக்குப் பின் கரையேறும் மீன் கணக்கில் சேராது என்பது அன்றைய விதி. இரண்டு நிமிடம் கழித்துக் கைவலையில் ஏந்தி, முள்ளைக் கழற்றி, நீருக்குள் விட்டேன்.

தராசு வந்தது. எனக்கு ஒரு பவுண்டு பதினான்கு அவுன்சு; பிரிவில் மூன்றாம் இடம். இரண்டாமவருக்கு என்னைவிட மூன்று அவுன்சு கூடுதல். நிறுத்த மீன்களை எல்லாம் உயிரோடு ஏரியிலேயே விட்டார்கள். புள்ளிகளைக் கூட்டியபோது, எங்கள் குழு ஒரே ஒரு புள்ளியில் முதலிடத்தை இழந்திருந்தது.

தலைவரிடம் நடந்ததைச் சொன்னேன்.

“அந்தக் கெண்டை எவ்வளவு இருக்கும்?” என்று கேட்டார்.

“எட்டுப் பவுண்டு இருக்கலாம்.”

“முள்ளை எடுத்துவிட்டீரா?”

“எடுத்துவிட்டேன்.”

அவர் தலையை அசைத்துவிட்டு, தம் கழியின் துண்டுகளை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்து உறையில் இடத் தொடங்கினார். நானும் என்னுடையவற்றைத் துடைக்கலானேன்.