பல்லாவரத்துக் கல்

தாம்பரத்திலிருந்து சென்னைக்கு மின்சார ரயிலில் செல்வோர், வழியில் பல்லாவரத்துக் குன்றுகளைக் காண்பர். அக்குன்றுகளை அடுத்த நிலத்தில் கிடைத்த ஒரு கல், இந்தியாவின் வரலாற்றுக்கு முற்பட்ட காலத்தையே நமக்குத் திறந்து காட்டியது.

1863 ஆம் ஆண்டு மே மாதம் 30 ஆம் நாள், இந்திய நில இயல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் பூட் என்பவர், பல்லாவரம் படைத் திடலருகே இருந்த சரளைக் குழியில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அது தானே உடைந்த கல்லன்று. சில்லுகளைப் பெயர்த்து விளிம்பு கூராக்கப்பட்ட கைக்கோடரி. இந்நாட்டில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு அதுவே முதற் சான்றாயிற்று.

அக்குழியை அதற்கு முன்னும் பலர் பார்த்திருப்பர். பூட் மட்டும் அக்கல்லை இனங்கண்டது எவ்வாறு? பிரான்சு நாட்டுச் சோம் ஆற்றுச் சரளையில் கிடைத்த கற்கருவிகளின் தொன்மையை அறிஞர் உலகம் 1859 இல்தான் ஒப்புக்கொண்டிருந்தது. அதனை அறிந்திருந்தவர் பூட். அறிந்த கண்ணுக்கே நிலம் பேசும்.

அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங் என்பவரும் கொற்றலை ஆற்றுப் பகுதியிலுள்ள அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டனர். அங்கே பின்னர் அகழாய்வு நிகழ்த்திய சாந்தி பப்பு குழுவினர், மிகப் பழைய கருவிகளின் வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் என 2011 இல் அறிவித்தனர். அப்பெரும் பணிக்கு வித்திட்டது, தரையை உற்று நோக்கிய பார்வையே.

இதனை மேற்பரப்பாய்வு என்பர். இதில் மண்வெட்டிக்கு வேலையில்லை. ஆய்வாளர் வரிசையாக நடந்து, ஓடைக்கரைகளையும் மழைநீர் அரித்த இடங்களையும் நோக்குவர். கருவி கிடைத்தால் அதன் இடத்தை வரைபடத்தில் குறிப்பர். எம்மண்ணில் கிடந்தது, எவ்வகைக் கல் என்பனவற்றையும் எழுதுவர். பல்லாவரக் குன்று சார்னோக்கைட் பாறை. பூட் கண்ட கருவியோ குவார்ட்சைட் கல். அக்கல் எங்கிருந்து வந்தது என்னும் வினா அங்கேயே பிறந்துவிடுகிறது. கருவி தனித்துக் கிடந்தால் வெள்ளம் கொணர்ந்ததாக இருக்கலாம். கருவியோடு பெயர்த்த சில்லுகளும் மூலக்கல்லும் ஒருங்கே கிடந்தால், அங்கேயே ஒருவன் அமர்ந்து கருவி செய்தான் எனக் கருத இடமுண்டு.

ஆகவே கல்லைவிட அது கிடந்த இடமே பெரிய சான்று. அழகிய கல்லென்று எடுத்துச் சென்று அலமாரியில் வைத்துவிட்டால், கல் எஞ்சும். அதன் வரலாறு அழிந்துபோகும்.

இன்று பல்லாவரம் முதல் தாம்பரம் வரை வீடுகளும் சாலைகளும் நெருங்கிவிட்டன. ஒரு வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்பொழுதோ, மனைக்காக மேட்டைச் சமன் செய்யும்பொழுதோ, லட்சக்கணக்கான ஆண்டுகளின் சுவடு ஒரே நாளில் மறையக்கூடும். அகழ்ந்த இடத்தை மீண்டும் மூடலாம். குலைந்த மண்ணடுக்கை மீண்டும் அமைத்தல் இயலாது.

மாணவ நண்பர்களே, உங்கள் ஊரில் புதிதாக வெட்டிய பள்ளம் இருப்பின், கரையில் நின்று அதன் மண்ணடுக்குகளைக் கவனியுங்கள். ஐயத்துக்குரிய கல்லைக் கண்டால் எடுக்காதீர்கள். இடத்தைக் குறித்துப் படமெடுத்து, ஆசிரியர் வாயிலாகத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். பூட் பெற்ற புகழ் அனைவர்க்கும் கிட்டாது. அவர் பார்த்த பார்வையோ எவர்க்கும் கைகூடும்.