கைடு யாருக்குக் கிடைக்கிறார்?



எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டில் எஸ்.டி.எஸ். திட்டத்துக்கு விண்ணப்பிக்க ஆசைப்பட்டேன். ஐ.சி.எம்.ஆர். 1979இல் தொடங்கிய திட்டம் அது. இரண்டு மாத ஆய்வு, உதவித்தொகையும் உண்டு. ஆனால், கல்லூரி ஆசிரியர் ஒருவர் கைடாக இருக்கச் சம்மதிக்க வேண்டும்.

டாக்டர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்பாவின் ஒரு போன் போதும். நான் போன முதல் அறையில் கேட்ட கேள்வி, "நீ எந்தக் கோட்டா?" அதன்பின் மூன்று மாதம் எந்தக் கதவையும் தட்டவில்லை. அந்த ஆண்டு விண்ணப்பத் தேதியும் போய்விட்டது.

மறு ஆண்டு, சமூக மருத்துவத் துறை உதவிப் பேராசிரியர் ஒருவரின் கட்டுரையைத் தேடிப் படித்தேன். எங்கள் ஊர்த் தூய்மைப் பணியாளர்களின் தோல் நோய் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். படித்துவிட்டு, "எத்தனை பேரைப் பார்க்க முடியும்?" என்றார் மேடம். ஆய்வு அங்கேயே தொடங்கிவிட்டது.

எனக்கு நல்ல ஆசிரியர் கிடைத்தார். 1913இல் கொலம்பியா போன அண்ணல் அம்பேத்கருக்கும் செலிக்மன் கிடைத்தார். கிடைக்காதவர்கள் கதை? எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் ஆசிரியர்களிடம் சந்தித்த பாகுபாட்டைத் தோரட் குழு 2007இலேயே பதிவு செய்தது.

எனவே நம் கோரிக்கை எளிது. எந்தத் துறையில் யார் கைடு, என்ன தலைப்பு, எத்தனை மாணவர்களுக்கு இடம் என்பதை ஒவ்வொரு கல்லூரியும் அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். தேர்வு முறையும் எழுத்தில் இருக்கட்டும்.

அதுவரை, முதல் ஆண்டுத் தம்பி தங்கைகளே, சீனியர்களான எங்களிடம் வாருங்கள். எந்தக் கதவு திறக்கும் என்று சொல்கிறோம்; கூடவே வருகிறோம்.

ஜெய்பீம்.