எல்லைக்கல்லும் விளைநிலமும்



நம் ஏழாயிரம்பண்ணைக்குத் தெற்கே சிறிது தொலைவில் தூத்துக்குடி மாவட்டம் தொடங்குகிறது. எல்லையின் இரு பக்கமும் ஒரே கரிசல்; ஒரே மானாவாரி. மழை பொய்த்த இப்புன்செய்க் காட்டில் தீப்பெட்டியும் பட்டாசும் கூலி தந்தன, அதை மறுப்பதற்கில்லை. இன்றோ சாலையோர நிலங்கள் வீட்டுமனைகளாகி வருகின்றன.

பட்டாசு ஆலைக்கும் குடியிருப்புக்கும் இடையே பாதுகாப்பு இடைவெளி வேண்டுமென 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் கூறுகின்றன. ஆலை ஒரு மாவட்டத்திலும் மனை மறு மாவட்டத்திலும் இருந்தால், அதைக் கவனிப்பவர் யார்? 2021 பிப்ரவரி 12-இல் அச்சங்குளத்து வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆலையருகே வீடுகளும் நெருங்கினால் குழந்தைகளின் கதி என்ன? நெருப்பு எல்லைக்கல்லைக் கண்டு நிற்பதில்லை. நீரும் அவ்வாறே, மேலூர் ஓடை மனையானால் கீழூர்க் கண்மாய் வறளும்.

ஆகவே, மனை வாங்குமுன் நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதியைக் கேளுங்கள். 2016 அக்டோபர் 20-க்குப் பின் அனுமதியின்றிப் பிரித்த மனைகளை வாங்காதீர்கள். ஓடை, வரத்துக்கால், ஆலை இவற்றைக் குறித்து ஊர் வரைபடம் ஒன்று தயாரியுங்கள். கிராம சபையில் அதை வைத்து, அடுத்த மாவட்டத்து ஊராரையும் அழைத்துப் பேசுங்கள். தீர்மானத்தின் நகலை இரு மாவட்ட ஆட்சியர்களுக்கும் அனுப்புங்கள்.

விற்ற நிலம் திரும்பாது, விற்குமுன் சிந்திப்போம்.