சிலைக்குச் சிலை, சரக்குக்கு வழி



கலாசாரத் தூது என்றால் டெல்லியில் கோட்டுப் போட்டவர்கள் பேசும் சமாச்சாரம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இந்திராநகர் சி.எம்.எச். ரோட்டுக்கு இங்கிருந்து நடந்தே போகலாம். அங்கே ஜெர்மன்காரர்களின் மாக்ஸ்முல்லர் பவன் இருக்கிறது. சினிமா காட்டுகிறார்கள், கூடவே ஜெர்மன் மொழியும் கற்றுக் கொடுக்கிறார்கள். அவர்களுக்கு இதில் என்ன லாபம்? அந்த மொழியில் தேறினால்தான் நம் நர்ஸ் பெண் அவர்கள் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர முடியும். தேர்ந்த இந்தியத் தொழிலாளருக்கான விசாவை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக்குவோம் என்று 2024 அக்டோபரில் ஜெர்மனி அறிவித்தது. அங்கே ஆள் பஞ்சம். அந்தப் பஞ்சம் முற்றுவதற்குப் பல்லாண்டு முன்பே மொழியை இங்கே விதைத்து வைத்தார்கள்.

இதே கணக்கை நம் ஏரிக்கரையில் போட்டுப் பாருங்கள். 1991-இல் நிறுவிய வள்ளுவர் சிலை 18 ஆண்டு மூடியே கிடந்தது. அந்த வருஷம் டிசம்பரில் காவிரிக் கலவரம். பாடுபட்டுச் சேர்த்த தட்டுமுட்டுச் சாமானை விட்டுவிட்டு ஓடிய குடும்பங்கள் எத்தனை! பிறகு 2009 ஆகஸ்ட் 9-ஆம் நாள், எடியூரப்பா உடனிருக்க, கலைஞர் வள்ளுவரைத் திறந்து வைத்தார். நான்கே நாளில், ஆகஸ்ட் 13-இல், சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரை எடியூரப்பா திறந்து வைத்தார். கொடுத்தார்கள், வாங்கினார்கள். அரசியல்தான், யார் இல்லை என்றது? நல்ல அரசியல்.

ஆனால் சிலை மட்டும் போதுமா? 2016 செப்டம்பரில் காவிரித் தண்ணீரை விடச் சொல்லி உச்ச நீதிமன்ற உத்தரவு வந்ததும் இந்த நகரத்தில் தமிழ்நாட்டுப் பதிவு எண் கொண்ட பஸ்களும் லாரிகளும் எரிந்தன. எல்லையில் வண்டிகள் நின்றுவிட்டன. ஓசூர்ப் பக்கத்துப் பூவும் காய்கறியும் வராவிட்டால் முதலில் அடுப்பு அணைவது யார் வீட்டில்? மண்டி முதலாளி வீட்டில் அல்ல. கே.ஆர். மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் நம் ஆள் வீட்டில். அவனோடு தூக்கும் கன்னடத் தோழன் வீட்டிலும்தான்.

அரசுகள் இரண்டும் சிலையைப் பரிமாறிக்கொண்டன. தெருவும் தெருவும் எதைப் பரிமாறிக்கொண்டன? சர்வக்ஞர் பாடியது மூன்றடி. நம் வள்ளுவர் இரண்டடி. அந்த மூன்றடியில் ஒன்றைச் சொல்லத் தெரிந்த பிள்ளை நம் வீடுகளில் எத்தனை?

பள்ளிகளில் தமிழ் வகுப்பு குறையக் கூடாது. அதில் விட்டுக்கொடுக்கப் பேச்சே இல்லை. அதோடு, ஞாயிறுதோறும் நம் மன்றத்தில் கன்னடம் எழுதப் படிக்க வகுப்பு வேண்டும். தெருவிலுள்ள கன்னடப் பிள்ளைகளுக்குக் குறள் வகுப்பும் வேண்டும். கூட்டம் முடிந்ததும் மேடைப் பக்கம் நோட்டு இருக்கும், பெயர் எழுதுங்கள். கடை வைத்திருப்பவர்கள் முதலில் வாருங்கள்.